ஃப்ளஷுக்குக்கூட ஆகாதா அந்தத் தண்ணீர்?

நம் அடுக்ககத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் அடங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

நாற்றம் அடிக்கிறது, நம் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீரைக் கழிவறை ஃப்ளஷுக்கு விடுவதை நிறுத்தவேண்டும் என்று கை தூக்கி முடிவெடுத்துவிட்டோம். ஃப்ளஷுக்கு! குடிக்கவா கேட்டோம், குளிக்கவா கேட்டோம்? ஒரு தடவை அழுத்தினால் ஆறு லிட்டர் போகிறது, பழைய தொட்டி என்றால் இன்னும் அதிகம். இனி அவ்வளவும் குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர்.

"நாற்றம் அடித்தது பொய்யா?" என்பீர்கள். எங்கள் வீட்டிலும்தான் அடித்தது. ஏன் அடித்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், அதற்காகத்தான் தொட்டிக்குள் காற்றை ஊதும் ப்ளோயர் ஓடுகிறது. கரன்ட் பில் குறையட்டும் என்று இரவெல்லாம் அதை நிறுத்தச் சொன்னது நாம். காற்று நின்றால் காற்றில்லாமல் வாழும் வேறு வகைக் கிருமிகள் தலையெடுக்கும், அழுகிய முட்டை வாடை வரும். தப்பு செய்தது நாம், தண்டனை தண்ணீருக்கு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார். லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். பழுப்புச் சேறு மெல்ல மெல்ல அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். முகர்ந்து பார் என்பார். நல்ல சேற்றில் ஈர மண் வாடைதான் இருக்கும். கறுத்து நாறினால், "காத்து பத்தல" என்று ப்ளோயர் பக்கம் ஓடுவார்.

"அப்படின்னா நீங்க குடிப்பீங்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தீர்கள். நம் தண்ணீரைக் குடிக்க மாட்டேன். அது அந்த அளவுக்குச் சுத்திகரித்தது இல்லை, அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதலே கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரில் கலக்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் சவ்வுகளில் வடிகட்டி, புற ஊதாக் கதிரும் பாய்ச்சி, ஆலைகளுக்குக் கொடுக்கிறது, நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கிறது. ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரில் 2006இல், கடும் வறட்சிக்கு நடுவிலும், வாக்களித்தவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் இப்படிக் குடிநீரில் கலப்பது வேண்டாம் என்றார்கள். அவர்கள் மறுத்தது குடிநீரை. நாம் ஃப்ளஷ் தண்ணீரையே மறுத்துவிட்டோம்.

குழாய் மாறி இணைந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஓர் அம்மா கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அது. குழாய்க்குத் தனி நிறம் அடிப்போம், எல்லா இணைப்பையும் சோதித்துப் பார்ப்போம். மற்றபடி "பார்த்தாலே அருவருப்பா இருக்கு" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நம் வீட்டிலிருந்து போன தண்ணீர்தான்.

சரி, எனக்கு உண்மையில் வலித்தது வேறு. நம் ஆபரேட்டர் அன்று இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார், ப்ளோயர் ஓடிய நாளின் தண்ணீர் ஒன்று, ஓடாத நாளின் தண்ணீர் ஒன்று. கதவோரமாக ஒரு மணி நேரம் நின்றார். "சாக்கடை ஆளை எதுக்கு உள்ள விட்டீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் அதட்டவில்லை. நானும் அதட்டவில்லை. பள்ளியில் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று ஒரு பையன் எழுந்துபோனபோதும் நான் இப்படித்தான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவார். பாட்டில் இரண்டும் மேஜைமேல் இருக்கும். அவர் பேசி முடித்த பிறகு கை தூக்குங்கள்.