மாஸ்ரருக்கு வந்த நிலை

பழைய மாணவர் குழுவில் ஓடும் அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று மீன் வாங்க நின்றபோது, எனக்குப் படிப்பித்த சேர் ஒருவர் தோளில் கை வைத்து, "தம்பி, ஏதும் கஷ்டமெண்டால் மறைக்காமல் சொல்லும்" என்றார். அதோடு பொறுமை போய்விட்டது.

சரி, அந்தப் படத்தில் சாரம் கட்டிக்கொண்டு வான் வண்டிக்குக் கீழே கிடப்பவன் நான்தான். இடம் யாழ்ப்பாணம் இணுவிலில் எங்கள் முற்றம். கழற்றியது ஓல்டர்நேற்றர், எஞ்சின் ஓடும்போது கரன்ற் உண்டாக்கிப் பற்றரியை ஏற்றும் சாமான். "மாஸ்ரருக்கு வந்த நிலையைப் பாருங்கோடா" என்று அதன்மேல் எழுதியவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன்.

காசில்லாமல் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. தெரிந்ததால் செய்தேன்.

பற்றரி லைற் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். எங்களுடையது டொல்பின் வான். முன் சீற்றைத் தூக்கினால்தான் எஞ்சினே தெரியும். சீற்றைத் தூக்காமலே "பற்றரி போயிட்டுது சேர், புதுசு போடுவம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து மீற்றரை வைத்தேன். நிற்கும்போது 12.4 வோல்ற். எஞ்சின் ஓடும்போது 14க்குக் கிட்ட ஏறவேண்டியது, 11.9க்கு இறங்கியது. பழுது பற்றரியில் இல்லை, அதை ஏற்றும் ஓல்டர்நேற்றரில். குழாயில் தண்ணீர் வராததற்குத் தொட்டியை மாற்றச் சொன்ன கதை.

தரம் 11க்கு மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கிறவன் நான். காந்தத்தையும் சுருளையும் கரும்பலகையில் கீறினால் மரியாதை. அதையே கழற்றிக் கையில் பிடித்தால் "நிலை". கோழி மேய்த்தாலும் கவர்ன்மென்றில் மேய்க்கவேண்டும் என்று சொன்ன ஊர்தானே இது. கவர்ன்மென்றில் மேய்க்கிறவன் கையில் எண்ணெய் பட்டால் தாங்காது.

"மெக்கானிக்கின் வயிற்றில் அடிக்கிறாய்" என்று ஒருவர். பெரிய எஞ்சின் வேலைக்கு நான் கராஜுக்குத்தான் போகிறேன். தலைமயிரை வீட்டில் வெட்டினால் சலூன்காரர் பட்டினியா? விடுங்கள்.

"பிறேக் விஷயம், விளையாட்டில்லை" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இது நியாயமான பேச்சு. இந்த டீசல் எஞ்சினில் ஓல்டர்நேற்றரின் பின்பக்கம் ஒரு வக்கியூம் பம்ப் இருக்கிறது. பிறேக்குக்கு உதவும் காற்றிழுப்பு அதிலிருந்துதான் வருகிறது. ஒயில் வரவும் திரும்பவும் தனிக் குழாய்கள். ஒன்றைச் சரியாக மாட்டாவிட்டால் பெடல் கல்லாகிவிடும். அதனால்தான் கழற்றுமுன் ஒவ்வொரு குழாயிலும் நூல் கட்டினேன். முடித்ததும் முதலில் முற்றத்துக்குள்ளேயே ஓட்டி, பிறேக்கை அழுத்திப் பார்த்தேன். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றாமல் கை வைக்கவும் இல்லை. திறப்பை எடுத்தாலும் ஓல்டர்நேற்றருக்கு வரும் தடித்த வயரில் கரன்ற் நிற்கும், அதைக் கழற்றும் ஸ்பனர் வானின் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். இதெல்லாம் படத்தில் தெரியாது. சாரம்தான் தெரியும்.

கீழ்ப் போல்ற் ஒரு மணித்தியாலம் அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, தட்டி, திரும்ப எண்ணெய் விட்டு. மகள் ரோச் பிடித்தபடி, "அப்பா, போல்ற்றும் உங்கட பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரித்தான், ஏசினால் கேக்காது" என்றாள். கடைசியில் டக்கென்று விட்டபோது என் கைமொளித் தோலும் போனது. புதியதை மாட்டி, பெல்ற்றை இழுத்து இறுக்கி, ஸ்ரார்ட் செய்து மீற்றரைப் பார்த்தால் 14.1. அந்தச் சந்தோஷத்தில்தான் மகள் எடுத்த படத்தை முகநூலில் போட்டேன். பிழை என்னுடையதுதான்.

கூலி மிச்சம் என்பதற்காகத்தானே என்றால், ஓம், மிச்சம்தான். வாத்தியார் சம்பளத்தில் அது சின்ன மிச்சமும் இல்லை. அதற்கு நான் வெட்கப்படவேண்டுமா? அந்த வரியை எழுதிய உனக்கே சொல்கிறேன், ரொறன்ரோவில் நீ காருக்கு ஒயில் மாற்றும் படம் போட்டாயே, நான்தான் முதல் ஆளாக "கலக்கிறாய் மச்சான்" என்று எழுதினேன். அங்கே செய்தால் கெட்டித்தனம், இங்கே செய்தால் வறுமை. அங்கேயும் இங்கேயும் ஸ்பனர் ஸ்பனர்தான்.

எனக்கு வலிப்பது வேறு. 1990களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் கரன்ற் இல்லை, பற்றரிக்குத் தடை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த என் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பேசும். பெயர்தான் டைனமோ, வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். அதனால் கரன்றை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட்டை நடுவில் வைத்து ஒட்டியிருந்தார். எங்கள் வானின் ஓல்டர்நேற்றர் செய்வதும் அதே வேலைதான், கொஞ்சம் பெரிதாக. செய்தி நேரத்துக்கு எங்கள் விறாந்தை நிறையும். அப்பாவுக்குக் கை ஓய்ந்தால் அடுத்துச் சுற்றியது யார்? நீதான். வேர்க்க வேர்க்கச் சுற்றுவாய், செய்தி முடியுமட்டும் விடமாட்டாய். கிளாக்கருக்கு வந்த நிலை என்று அன்றைக்கு நீ சொல்லவில்லை.

95இல் போரால் ஊரே வெளியேறிய இடப்பெயர்வுக்குப் பிறகு நீ வெளிநாடு போனாய், நான் நின்றேன். அதற்காக நான் பாவப்பட்டவன் இல்லை.

படத்தைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது குடும்பத்தோடு கீரிமலைக்குப் போக இந்த வானைத்தான் கேட்பாய், போன முறையும் கேட்டாய். தருவேன். சீற்றுக்குப் பின்னால் ஒரு ஒயில் பட்ட சாரம் கிடக்கும், பிள்ளைகளின் உடுப்பில் பிரளாமல் பார்த்துக்கொள்.