டெய்லர் மாமா பார்த்த டுட்டு

(பாரிஸ், ஓர்சே மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள, தெகாங்கிற பிரெஞ்சு ஓவியர் செஞ்ச பதினாலு வயசு பாலே பொண்ணு சிலை. இடுப்புல டுட்டு, அதாவது பாலே ஆடுறவங்க போடுற பாவாடை. முன்னாடி நிக்கிறது மதுரையில கடை வெச்சு ரிட்டயர் ஆன டெய்லர் மாமாவும், அவருக்கு ஊர் சுத்திக் காட்டுற மருமகனும்.)

மாமா: மாப்ள, உடம்பு வெண்கலம், பாவாடை மட்டும் நெசத் துணி. செலை செஞ்சவன் பாதியில காசு தீந்து போயி துணியக் கட்டிவிட்டுட்டானா?

மருமகன்: மெதுவா மாமா, அந்தம்மா திரும்பிப் பாக்குது. அவர் வேணும்னேதான் அப்படி செஞ்சாரு. 1881ல மெழுகுல செஞ்சு நெச முடி நெச பாவாடை எல்லாம் மாட்டி காட்சிக்கு வெச்சாரு, நெறைய பேருக்குப் புடிக்கல. இந்த வெண்கலம் அவர் செத்த பிறகு அதைப் பாத்து வார்த்தது.

மாமா: ஓரம் மடிச்சு அடிக்கல பாத்தியா. நெட்டுல நூல் பிரியாது, விவரமானவன்தான். ஆனா ஏன்டா இவ்ளோ கட்டை?

மருமகன்: அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல சண்டை மாமா. மொதல்ல தரையத் தொடுற கவுன்தான். 1700கள்ல கமார்கோன்னு ஒரு பாலே ஆடுற அம்மா, எகிறி குதிச்சு காத்துலயே ரெண்டு காலையும் குறுக்கும் மறுக்கும் தட்டிட்டு எறங்குவாங்க, ஆனா அத்தனையும் துணிக்குள்ளேயே நடந்து முடிஞ்சா யாரு கை தட்டுறது? கணுக்கால் தெரியுற மாதிரி ஏத்திட்டாங்க.

மாமா: அவ்ளோதானா? நாடாவ அவுத்து கொஞ்சம் தூக்கிக் கட்டுற வேலை.

மருமகன்: அதுக்கே ஊரு ரெண்டுபட்டுச்சு. அப்புறம் 1832ல மாரி டாக்லியோனி, இதே பாரிஸ் ஓபராவுல, வெள்ளை மஸ்லின்ல மணி மாதிரி விரிஞ்ச பாவாடை, முக்கா காலுக்கு, நுனிவிரல்ல நின்னு தேவதையா ஆடுனாங்க. காஸ் விளக்கு வெளிச்சத்துல நெலா வெளிச்சம் மாதிரியே இருந்துச்சாம்.

மாமா: காஸ் விளக்கா? மஸ்லினும் காஸ் விளக்குமா? டேய், மஸ்லின் சர்ருனு புடிச்சுக்குமேடா!

மருமகன்: புடிச்சுது மாமா. டாக்லியோனிகிட்டயே கத்துக்கிட்ட எம்மா லிவ்ரின்னு ஒரு பொண்ணு, 1862 நவம்பர்ல ரிகர்சல் நடக்கும்போது பாவாடைய ஒதறுனப்ப விளக்குல பட்டு பத்திக்கிச்சு. எட்டு மாசம் கஷ்டப்பட்டு செத்துப் போச்சு, 20 வயசு. மிச்சமான துணித்துண்டு ஓபரா மியூசியத்துல இன்னும் இருக்கு.

மாமா: ...படிகாரத் தண்ணியில முக்கிக் காய வெச்சிருக்கலாமேடா.

மருமகன்: அந்த மாதிரி வழி இருந்துச்சு மாமா, கட்டாயமா போடணும்னு சட்டமே வந்துருச்சு. ஆனா துணி வெறச்சுப் போயி அழுக்கு கலராத் தெரியுதுன்னு இந்தப் பொண்ணு வேணாம்னுடுச்சு.

மாமா: கஸ்டமர் அப்படித்தான்டா. நல்லது சொன்னா, கலர் டல்லா இருக்கும்பாங்க.

மருமகன்: அப்புறம் 1885ல வர்ஜீனியா ஜுக்கின்னு இத்தாலிக்காரம்மா ரஷ்யாவுக்கு ஆடப் போனாங்க. அங்க குடுத்த நீளப் பாவாடைய போட மாட்டேன்னு அடம்புடிச்சு கட்டையாக்கிட்டாங்க. கால் வேலை சிக்கலாக ஆக பாவாடை மேல ஏறிக்கிட்டே போச்சு, கடைசியில இடுப்புல நேரா நீட்டிக்கிட்டு நிக்குது.

மாமா: (போன்ல படத்தைப் பாத்து) இடுப்புல அப்பளத்தக் கட்டுன மாதிரில்ல இருக்கு. தொங்காம எப்படிடா நிக்குது? கஞ்சியா?

மருமகன்: நெட்டு அடுக்கடுக்கா பத்துக்கு மேல இருக்கும் மாமா, எல்லாம் சுருக்கு வெச்சு தெச்சு, நடுவுல கம்பி வளையம் ஓடும். அடுக்கு கலையாம இருக்க உள்ள கையால அங்கங்க தையல் போடுவாங்க, ஆனா லூசா, இறுக்கிப்புட்டா ஆடாது.

மாமா: நிறைய பேரு சேந்து ஆடுனா கம்பியும் கம்பியும் முட்டுமே?

மருமகன்: அதேதான்! ஒருத்தர் பாவாடை இடிச்சா அடுத்தவங்களது எகிறும். அதுக்குத்தான் 1950ல நியூயார்க்ல பாலே அமைக்கிற பாலன்சீனுக்காக கரின்ஸ்காங்கிற அம்மா கம்பியே இல்லாம, அடுக்க கொறச்சு, பொசுபொசுன்னு ஒண்ணு தெச்சாங்க. அவங்க சினிமாவுக்குத் தெச்சு ஆஸ்கரே வாங்குனவங்க.

மாமா: டெய்லருக்கு ஆஸ்கரா! உங்க அத்தைகிட்ட மொதல்ல இதச் சொல்லணும், ஊசி புடிச்சவன் உருப்பட மாட்டான்னு கல்யாணத்தன்னைக்கே சொன்ன குடும்பம். சரி, இது கிழிஞ்சா?

மருமகன்: தூக்கிப் போட மாட்டாங்க, அம்புட்டு வெலை. ஒருத்தர் விட்டா அடுத்தவங்க போடுவாங்க, முதுகுல கொக்கி ரெண்டு மூணு வரிசை இருக்கும், யார் சைஸுக்கு எதுவோ அத மாட்டிக்கணும்.

மாமா: அது சரி, வேர்வை நாத்தம்? இத தொவைக்க முடியாதேடா.

மருமகன்: வோட்கா அடிப்பாங்க மாமா.

மாமா: டான்சரா?

மருமகன்: பாவாடைக்கு மாமா! பாட்டில்ல ஊத்தி ஸ்ப்ரே பண்ணுவாங்க, நாத்தம் போயிரும், ஆவியாப் பறந்துரும், துணியும் கெடாது. நெறைய பாலே கம்பெனியில இதான் வழக்கம்.

மாமா: (கொஞ்ச நேரம் சிலையையே பாத்துட்டு) மாப்ள... அங்க கொக்கி தெக்கவாச்சும் ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டுப் பாரேன். சம்பளம் கூட வேணாம்.