கட்டுப்படுத்தாத தீர்மானத்துக்கும் வலு உண்டு

தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழலை மனித உரிமையாக ஏற்று ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28 அன்று 161 வாக்குகளுடன் நிறைவேற்றிய தீர்மானம் சட்டப்படி எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது, ஆகவே அதனால் பயனில்லை என்கிறார், அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். முதற்பகுதி சரியே; முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

ஸ்பெயினின் லோர்கா நகரில், தோல் ஆலைக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று உரிமம் பெறாமலேயே ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து வெறும் 12 மீட்டர் தொலைவில் 1988இல் இயங்கத் தொடங்கியது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சுற்றுச்சூழல் உரிமை என்று தனியாக எதுவும் இல்லாதபோதும், குடும்ப வாழ்வையும் வீட்டையும் மதிக்கச் சொல்லும் 8ஆம் பிரிவைக் கொண்டே ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1994இல் அக்குடும்பத்துப் பெண்ணுக்கு நியாயம் வழங்கியது. ஐ.நா. தீர்மானத்தில் உள்ளதுபோல் அவ்வுரிமை வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் அவர் இத்தகைய சுற்றுவழியில் வாதாட நேர்ந்திராது.

உண்மையான இடர்ப்பாடு தீர்ப்புக்குப் பின்னரே தொடங்குகிறது. 1922 முதல் உலோக உருக்காலை இயங்கிய பெரு நாட்டின் லா ஒரோயாவில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலந்திருந்தது. அந்நாட்டு அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2006இலேயே நடவடிக்கைக்கு ஆணையிட்டும் அது முறையாக நிறைவேறாததால், மக்கள் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம்வரை செல்ல வேண்டியதாயிற்று. அரசே பொறுப்பு என்றும், பாதிக்கப்பட்டோருக்கு இலவச மருத்துவம் தர வேண்டும் என்றும் கூறும் தீர்ப்பு 2024 மார்ச்சில்தான் வெளியானது. அதற்குள் அக்குழந்தைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். கட்டுரையாளர் கேள்வி கேட்க வேண்டியது இந்தத் தாமதத்தையே என்பது என் கருத்து.