அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடு என்று சொன்னேன்

போன வாரம் சித்தி மகள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எச்சிலைச் சோதனைக்கு அனுப்பி வாங்கிய மரபணு ரிப்போர்ட். செரோட்டோனின் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவில் உங்களுக்குக் குட்டை வடிவம், மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம் என்று போட்டிருக்கிறது. சித்திக்கும் அந்த நோய் இருந்ததால் இவளுக்கு அது ஜாதகக் கட்டம் மாதிரி ஆகிவிட்டது, "எனக்குக் கல்யாணமே வேண்டாம்க்கா, என் பிள்ளைக்கும் இது போகும்" என்று ஒரே அழுகை. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நரம்பு செல்கள் வெளியே விட்ட செரோட்டோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்துக்கான மரபணு அது. அதன் முன்பகுதியில் ஒரு துண்டு சிலருக்கு நீளமாக இருக்கும், சிலருக்குக் குட்டையாக இருக்கும். 2002இல் அஹ்மத் ஹரிரியின் குழு 28 பேரை ஸ்கேனரில் படுக்க வைத்து, பயந்த முகங்களையும் கோப முகங்களையும் காட்டியது. குட்டை வடிவக்காரர்களுக்கு அமிக்டலா, அதாவது ஆபத்தை மோப்பம் பிடிக்கும் பகுதி, கூடுதலாக வேலை செய்தது. அடுத்த வருடம் நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வு, வாழ்க்கையில் அடிமேல் அடி வாங்கியவர்களில் இந்த வடிவம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்றது. 2005இல் இன்னொரு குழு, அமிக்டலாவுக்கும் அதைக் கட்டுக்குள் வைக்கும் சிங்குலேட் பகுதிக்கும் இடையிலான தொடர்பே இவர்களுக்குச் சற்றுத் தளர்வாக இருக்கிறது என்றது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! மரபணு, வயரிங், சோகம், எல்லாம் ஒரே கோட்டில்.

ஆனால் அந்த ஸ்கேன் ஆய்வில் இருந்தது வெறும் 28 பேர். 2009இல் 14 ஆய்வுகளை, 14,250 பேரின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது டுனெடின் முடிவு நிற்கவில்லை. 2019இல் கொலராடோ ஆய்வாளர்கள் லட்சக்கணக்கானவர்களின் தரவை அலசினார்கள். மனச்சோர்வு மரபணு என்று பெயர் வாங்கியிருந்த 18 மரபணுக்களும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு மரபணுக்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. இந்தச் செரோட்டோனின் மரபணுவும் அந்த 18இல் ஒன்று. அப்புறம், ஜப்பானிலும் சீனாவிலும் குட்டை வடிவம்தான் அதிகம். அவர்கள் எல்லோரும் நோயாளிகளா?

மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி மனச்சோர்வில் மரபின் பங்கு சுமார் 37 சதவீதம். அது எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. எட்டு லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஆய்வில் மரபணுத் தொகுப்பில் 102 இடங்கள் தெரிந்தன, ஒவ்வொன்றின் பங்கும் துளி. மூளையின் இணைப்புகளும் பிறந்த அன்றே முடிந்துவிடுவதில்லை, முன்மூளையிலிருந்து போகும் இழைகள் இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு துண்டை அளந்து காசு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஆறுதலாகப் பேச ஒரு ஆள்கூட இல்லாமல் ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது பெரிய தப்பு.

சித்திக்கு இருந்ததால் இவள் கவனமாக இருக்க வேண்டும்தான், அதைச் சொல்ல எச்சில் டெஸ்ட் தேவையில்லை. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காகிதம் வந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை என்று இப்போதுதான் சொல்கிறாள். திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.