டூன் ஸ்டார் வார்ஸைப் பார்த்து அடித்த காப்பியா? வருஷக் கணக்கே இடிக்குதே

"பாலைவனக் கிரகம், பேரரசர், வம்சச் சண்டை எல்லாமே ஸ்டார் வார்ஸிலிருந்து சுட்டதுதான் டூன்" என்று ஒரு மீம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தப்பு. 2021-ல் வந்த டூன் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம், ஆனால் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965-லேயே புத்தகமாகிவிட்டது, அதற்கும் முன்னால் 1963 கடைசியிலிருந்து பத்திரிகையில் தொடராக வந்தது. முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977-ல்தான். டூன் கதையில் எல்லோரும் அடித்துக்கொள்வது 'ஸ்பைஸ்' என்ற அரிய பொருளுக்காகத்தான்; ஸ்டார் வார்ஸ் படத்திலும் 'ஸ்பைஸ்' சுரங்கம் பற்றி ஒரு வசனம்கூட வரும், யார் யாரைப் படித்தார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

சரி, அரசியலாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. ஸ்டார் வார்ஸில் பேரரசர் செனட்டைக் கலைத்துவிட்டு ஆளுநர்களை வைத்து நேரடியாக ஆள்கிறார். டூனில் பேரரசரால் அப்படி நினைத்ததைச் செய்ய முடியாது. அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தை ஹார்கோனென் வம்சத்திடமிருந்து பிடுங்கி, ஜாகீர் கொடுப்பதுபோல அட்ரெய்டிஸ் வம்சத்துக்குக் கொடுக்கிறார், அப்புறம் அவர்களையே ஒழிக்கத் தன் சார்டோகர் படையை ஹார்கோனென் சீருடை மாட்டிவிட்டுத் திருட்டுத்தனமாக அனுப்புகிறார். ஏன் இந்த வேஷம்? விஷயம் வெளியே தெரிந்தால் மற்ற பெரிய வம்சங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அவர்மேலேயே பாயும், அந்தப் பயம்தான்.

அதற்காக விண்வெளிப் பேரரசையே ஹெர்பர்ட்தான் கண்டுபிடித்தார் என்று எதிர் மீம் போட்டுவிடாதீர்கள். விண்வெளிப் பேரரசு ஒன்றின் வீழ்ச்சியைச் சொல்லும் எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகள் 1942-லேயே வர ஆரம்பித்துவிட்டன.