கொள்ளிடம் பாலம் மாதிரி இன்னொன்று போகக் கூடாது

திருச்சிக்காரர்களுக்குக் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருவானைக்காவல் பக்கத்தையும் எதிர்க்கரையில் நம்பர் ஒன் டோல்கேட் என்ற பகுதியையும் இணைக்க 1928-இல் கட்டியது. 2016-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்ததும் இதில் வண்டிப் போக்குவரத்து நின்றது. அப்புறம் வாக்கிங் போகிறவர்களுக்கு அது சொந்தமாகிவிட்டது. ஹாரன் சத்தம் இல்லை, ஆற்றுக்காற்று, பெரியவர்களும் பயமில்லாமல் நடக்கலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து, மேலே இருந்த இரும்பும் ஆற்றில் விழுந்தது.

"வயசான பாலம், விழாமல் என்ன செய்யும்?" என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. முதலில் போனது இரும்பு இல்லை, தூண். வெள்ளம் தூணைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தண்ணீர் வற்றிய மாதங்களில் இறங்கிப் பார்த்து, கல் கொட்டிச் சரிசெய்ய வேண்டும். மேலே இருக்கும் இரும்புச் சட்டங்களுக்கும் அதே கவனிப்பு தேவை. அடிச்சட்டங்கள் சேரும் மூலையில் மண்ணும் குப்பையும் அடைந்து ஈரம் தங்கும். பெயின்ட் உப்பி, சட்டங்களை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலையைச் சுற்றித் துரு ஏறுவது அங்கேதான். அந்த மூலைகளைக் கூட்டிச் சுத்தமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வண்டி போகாது, ஆள்தானே நடக்கிறார்கள் என்ற அலட்சியம் ரொம்ப ஆபத்து. 2025 ஜூனில் புனே அருகே இந்திராயணி ஆற்றுப் பழைய இரும்புப் பாலம் கூட்டம் தாங்காமல் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். நெருக்கியடித்து நிற்கும் மனிதர்களின் எடை சாதாரணமானதில்லை.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சாட்டனூகாவில் 1891-இல் திறந்த வால்நட் தெரு இரும்புப் பாலத்தை 1978-இல் மூடினார்கள். இடிக்கத்தான் இருந்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. பழுதுபார்த்து 1993-இல் நடப்பவர்களுக்கென்றே திறந்தார்கள். இன்றைக்கு அந்த ஊருக்கே அதுதான் அடையாளம்.

நாமும் கேட்போம். புதுப் பாலம் திறக்கும் அன்றே, பழையது எந்தத் துறையின் பொறுப்பு, வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு பணம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். காவிரி, கொள்ளிடம் பாலங்களுக்கு மேட்டூர் திறக்கும் முன்பே தூண்களின் அடியைப் பார்த்து முடித்து, அந்த அறிக்கையைப் பாலத்தின் முகப்பிலேயே ஒட்ட வேண்டும்.