துளசி கப்பார்ட்: பதவியை உதறிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தாரா?

"இந்திய வம்சாவளிப் பெண் துளசி, எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்துவிட்டு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதில் இரண்டு தவறுகள்.

முதலில், அமெரிக்க அரசியல்வாதியான அவர் இந்திய வம்சாவளி இல்லை. 1981இல், பசிபிக் கடலில் அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவில் பிறந்தவர். தந்தை சமோவா, ஐரோப்பிய வழி. தாய் ஐரோப்பிய வழி அமெரிக்கர். தாய் இந்து சமயத்தைப் பின்பற்றியதால் வந்த பெயர்தான் துளசி.

அப்புறம் அந்த ராஜினாமா. 2002இல், 21 வயதில், ஹவாய் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 2003இல் உறுப்பினராக இருந்தபடியே அமெரிக்க ராணுவத்தின் துணைப்படையான ஹவாய் தேசியக் காவல்படையில் சேர்ந்தார். அதற்குப் பதவி விலகத் தேவையில்லை. சாதாரண நாட்களில் அது பகுதிநேரப் பணிதான்: மாதத்தில் ஒரு வாரஇறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாட்களில் ஆசிரியர், வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர் என அவரவர் வேலை. போர், பேரிடர் போன்றவற்றுக்கு அழைத்தால்தான் முழுநேரம்.

2004இல் படைப்பிரிவு ஈராக்குக்குக் கிளம்பியது. அவர் தானாக முன்வந்து உடன் சென்றார். அதனால் மறுதேர்தல் பிரசாரத்தைக் கைவிட்டார். அங்கே மருத்துவப் பிரிவில் வேலை. காயமடைந்தோர் பட்டியலைத் தினமும் பார்த்து, அதில் ஹவாய் வீரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடியதை அவரே சொல்லியிருக்கிறார். போர்முனைக்குப் போக மறுதேர்தலையே விட்டவர் என்ற உண்மையே பெரிது. அதன்மேல் இல்லாத ராஜினாமாவை ஏற்றுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.